மாமியாரின் சூப், அப்பாவின் மாத்திரை

ஹாங்காங்கிலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. திருச்சிப் பக்கம் பிறந்தவர். உடன் வேலை பார்த்த கான்டனீஸ் இளைஞரைக் கல்யாணம் செய்துகொண்டு ஒன்பது வருடமாக அங்கே இருக்கிறார். ஐந்து வயதில் ஒரு மகன். மாமியாரும் கூடவே இருக்கிறார். கான்டனீஸில் மருமகள் மாமியாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதையும், அதைத் தமிழில் எழுதினால் ஒரு பிராணியை இரண்டு முறை அழைத்ததுபோல் ஆகிவிடும் என்பதையும் அவரே எழுதிச் சிரித்திருக்கிறார். நானும் சிரித்தேன்.

மாமியாருக்குச் சூப்தான் உலகம். வாரத்தில் ஐந்து நாளாவது இரண்டு மூன்று மணி நேரம் அடுப்பில் கொதிக்கும் 'லௌ ஃபோ தோங்'. பருவத்துக்கு ஏற்றபடி உள்ளே போகிற பொருள் மாறும். வசந்தத்தில் சுவரெல்லாம் வியர்க்கிற நாட்களில் உடம்பின் ஈரத்தை இறக்க ஃபன் கொட் கிழங்கும் சிவப்புப் பயறும். கோடையில் பூசணிக்காயும் யீமாயும். காய்ந்த இலையுதிர் காலத்தில் நுரையீரலுக்குப் பேரிக்காய், வெண்காளான், ஆப்ரிகாட் பருப்பு. குளிரில் ஆட்டுக்கறி, இஞ்சி, டோங் குவாய் என்கிற மூலிகை வேர்.

இவ்வளவு நாள் பிரச்சினை இல்லை. இப்போது நான்கு குழப்பம். கணவருக்கு வயது 41, யூரிக் அமிலம் அதிகம். இந்த வருடம் இரண்டு முறை கால் பெருவிரல் வீங்கிப் படுத்துவிட்டார். "கறியை நான் தொடுவதில்லை, சூப் மட்டும்தானே" என்கிறார். மகனும் கறி சாப்பிடுவதில்லை, சூப்பைச் சோற்றில் ஊற்றித் தின்கிறான். சத்தெல்லாம் அதில் இறங்கியிருக்கும் என்று வாசகி நிம்மதியாக இருக்கிறார். வாசகிக்கு ஹீமோகுளோபின் 9.4. இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கல் தந்ததால் நிறுத்திவிட்டு, ரத்தம் ஊறும் என்று மாமியார் தரும் சிவப்புப் பேரீச்சை சூப்பைக் குடிக்கிறார். கடைசியாக, அவருடைய அப்பா. வயது 67. நான்கு வருடத்துக்கு முன் இதயத்தில் உலோக வால்வு வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர். நவம்பர் கடைசியில் முதல்முறையாகப் பெண் வீட்டுக்கு வருகிறார், விசா எடுத்தாகிவிட்டது. இதயத்துக்கு நல்லது என்று சம்பந்திக்காக என்னென்ன சூப் வைப்பது என மாமியார் இப்போதே பட்டியல் போடுகிறார். "நம்ம ஊர் சூடு, குளிர்ச்சி கணக்குதானே, இயற்கைப் பொருள்தானே, பயப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் மனசு உறுத்துகிறது" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, உறுத்தியது நல்லதாகப் போயிற்று. நான் பொது மருத்துவன். சீன மருத்துவம் படித்தவன் இல்லை. பருவத்துக்கு ஒரு உறுப்பு, ஈரம், வறட்சி என்கிற அந்தக் கணக்கைச் சரி என்றோ தப்பு என்றோ தீர்ப்புச் சொல்ல நான் உட்காரவில்லை. ஆனால் சட்டியில் என்ன போகிறது, அதைக் குடிக்கிறவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற இரண்டும் தெரிந்தால் ஒரு மருத்துவன் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரே சட்டியிலிருந்து குடிக்கிற நான்கு பேரின் உடம்பும் நான்கு விதமாக இருக்கிறது. சிக்கல் பருவத்தில் இல்லை, அங்கேதான்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். "நம்ம ஊர் சூடு, குளிர்ச்சிதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர்தான் ஒன்று. சளி பிடித்தால் நம் வீட்டில் நண்டு ரசம் வைப்பார்கள், நண்டு சூடு என்பது நம் கணக்கு. உங்கள் மாமியாரைக் கேளுங்கள், நண்டு நல்ல குளிர்ச்சி, அதனால்தான் இஞ்சியோடு சாப்பிட வேண்டும் என்பார். கோழி சூடு, ஆட்டுக்கறி அவ்வளவு சூடில்லை என்று நம் பக்கம் சொல்வார்கள். அங்கே ஆட்டுக்கறிதான் கடும் சூடு, குளிர்காலத்துக்கென்றே ஒதுக்கியது. அதனால் திருச்சி அறிவை வைத்துக்கொண்டு கான்டனீஸ் சட்டியை எடைபோட முடியாது. தெரியாத மூலிகையைப் பார்த்து "இது நம்ம ஊர் இன்னதுதான்" என்று நினைப்பதும் ஆபத்து. சிவப்புப் பேரீச்சை என்கிறோம், அது பேரீச்சையே இல்லை. நம் இலந்தைக்குத்தான் உறவு. யீமாயைக் கடையில் பார்லி என்றே விற்பார்கள், அது வேறொரு புல்லின் விதை. கோடை சூப்பில் மிதக்கிற பூசணி மட்டும் சந்தேகமில்லாமல் நம்முடையது. நாம் திருஷ்டிக்கு உடைக்கிறோம், அவர்கள் சூப்பில் போடுகிறார்கள்.

அப்பாவின் வார்ஃபரின்

மற்ற மூன்றும் அடுத்த மாதம் வரை காத்திருந்தாலும் பரவாயில்லை, இதைத் தள்ளிப்போட முடியாது. அதனால் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

உலோக வால்வு வைத்தவருக்கு அதன்மேல் ரத்தம் உறையக்கூடாது. உறைந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும், அல்லது கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும். அளவுக்கு மேல் இளகினால் உள்ளுக்குள் கசியும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய வரப்பில் நடக்க வைப்பதுதான் வார்ஃபரினின் வேலை. நடை சரியா என்று பார்க்கத்தான், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிடும் ஐ.என்.ஆர் பரிசோதனை. வால்வு இருக்கும் இடத்தைப் பொறுத்து 2 முதல் 3 வரை, அல்லது 2.5 முதல் 3.5 வரை என்று அவருடைய மருத்துவர் ஒரு இலக்கு எழுதிக் கொடுத்திருப்பார். ரத்தம் உறையாமல் இருக்கப் புதிதாக வந்திருக்கிற மாத்திரைகளை உலோக வால்வுக்காரர்களுக்குக் கொடுப்பதில்லை. ஆகவே "வேறு மாத்திரைக்கு மாற்றிவிட்டு சூப் குடிக்கட்டும்" என்ற வழியும் இல்லை.

இந்த வரப்பிலிருந்து தள்ளிவிடக்கூடிய பொருட்கள் உங்கள் மாமியாரின் குளிர்கால அலமாரியில்தான் வரிசையாக இருக்கின்றன. டோங் குவாய் முதலாவது. வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தம் அளவுக்கு மேல் இளகும். அடுத்தது டான் ஸாம். இதுதான் எனக்கு அதிகக் கவலை. ஏனென்றால் இதயத்துக்கு நல்லது என்று பெயரெடுத்த வேர் இது. டான் ஸாமையும் தின் ச்சாட் என்கிற இன்னொரு வேரையும் கோழியோடு போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுப்பது அங்கே வயதானவர்களுக்குச் செய்யும் பெரிய உபசாரம். உங்கள் அப்பாவுக்கு இதயத்தில் ஆபரேஷன் ஆனது என்று கேள்விப்பட்டால் மாமியார் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பாட்டியும் இதைத்தான் சொல்வார். டான் ஸாமும் வார்ஃபரினும் சேர்ந்து ரத்தக்கசிவில் முடிந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். கெய் ஜீ என்கிற கோஜி பெர்ரியும் அப்படி. பார்க்க அப்பாவியாகச் சிவப்பாக மிதக்கும், அதைக் கொதிக்க வைத்துக் குடித்து ஐ.என்.ஆர் எகிறியவர்கள் உண்டு. ஜின்செங் எதிர்ப்பக்கம் இழுக்கும். குறிப்பாக ஃபா கெய் ஸாம் என்கிற அமெரிக்க ஜின்செங், வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடும்.

சூப்பில் போட்டால் கொஞ்சம்தானே, மாத்திரை மாதிரியா என்று கேட்பீர்கள். மூன்று மணி நேரம் தண்ணீரில் வேரைக் கொதிக்க வைத்து இறக்கினால் அதற்கு நம் ஊரில் கஷாயம் என்று பெயர். கறி சேர்த்ததால் அது சாப்பாடு ஆகிவிடாது. டோங் குவாய், இஞ்சி, ஆட்டுக்கறி சூப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,800 வருடத்துக்கு முன், ஹான் அரச காலத்தில், சாங் சோங்சிங் என்ற வைத்தியர் பிரசவத்துக்குப் பிந்தைய வயிற்று வலி போன்றவற்றுக்கு எழுதிக் கொடுத்த மருந்து அது. மருந்துச் சீட்டாகப் பிறந்து, பிறகுதான் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. 67 வயது ஆண்மகனுக்கு, அதுவும் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு, அந்த வைத்தியரே எழுதியிருக்க மாட்டார்.

மூலிகை இல்லாத சூப்பிலும் ஒரு விஷயம் உண்டு. வாட்டர்கிரெஸ் கீரை சூப் அங்கே குளிர் தொடங்கும்போது வாரம் தவறாமல் வரும். கீரையில் இருக்கும் வைட்டமின் கே, வார்ஃபரினை மட்டுப்படுத்தும். அதற்காகக் கீரையே கூடாது என்று சொல்லவில்லை. ஊரில் எவ்வளவு சாப்பிட்டாரோ கிட்டத்தட்ட அதே அளவு அங்கும் இருக்கட்டும். ஒரு வாரம் தினமும் ஒரு சட்டி, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்பதுதான் கூடாது.

அப்புறம் தைலம். முட்டி வலிக்கிறது என்று அவர் சொன்னால் மாமியார் கைப்பையிலிருந்து சின்னக் குப்பி வெளியே வரும். அந்த ஊர்த் தைலங்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. நிறையத் தேய்த்தால் தோல் வழியாக உள்ளே போய் இதே வார்ஃபரினோடு மோதும். குப்பியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள்.

அவர் வருவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது: அவருடைய இதய மருத்துவரிடமிருந்து ஒரு கடிதம். அதில் வால்வின் வகை, மருந்தின் அளவு, ஐ.என்.ஆர் இலக்கு மூன்றும் இருக்க வேண்டும். தங்கும் நாட்களுக்குத் தேவையான மாத்திரை, அதற்கு மேல் இரண்டு வாரத்துக்கு உபரி. வந்து ஒரு வாரத்தில் ஒரு ஐ.என்.ஆர் பார்த்துவிடுங்கள், சாப்பாடு மாறினாலே எண் மாறும். அடையாள அட்டை இல்லாத வெளியூர்க்காரர்களுக்கு அங்கே அரசு மருத்துவமனையிலும் கட்டணம் பல மடங்கு. பயணக் காப்பீடு எடுக்கும்போது வால்வு ஆபரேஷனை மறைக்காமல் எழுதுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, மூக்கிலோ ஈறிலோ ரத்தம் நிற்காமல் வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, முகம் கோணிப் பேச்சுக் குழறினாலோ சூப்பைப் பற்றி யோசிக்காமல் 999-ஐ அழையுங்கள்.

கணவரின் பெருவிரல்

"கறியைத் தொடுவதில்லை, சூப் மட்டும்தான்." கவுட் என்கிற இந்த யூரிக் அமில மூட்டு வீக்கம் உள்ளவர் இதைவிடத் தலைகீழாக ஒன்றைச் சொல்ல முடியாது. யூரிக் அமிலமாக மாறுகிற ப்யூரின், தண்ணீரில் கரையும். எலும்பையும் கறியையும் மூன்று மணி நேரம் கொதிக்க விட்டால் அதில் கணிசமான பங்கு சூப்புக்கு இறங்கிவிடும். அவர் கறியை ஒதுக்கிவிட்டு, கறியிலிருந்து ஒதுங்கியதைக் குடிக்கிறார். கூடவே உலர்ந்த சிப்பி, நெத்திலி, ஈரல் ஏதாவது சட்டிக்குள் போனால் இன்னும் மோசம்.

அவருக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம். பயறு, காளான், கீரை இவற்றிலும் ப்யூரின் உண்டு என்று பலர் பயந்து ஒதுக்குவார்கள். அவற்றால் கவுட் கூடுவதாகத் தெரியவில்லை. ஆகவே பூசணி, சோளம், கேரட், காளான் போட்டு முக்கால் மணி நேரத்தில் இறக்கும் காய்கறி சூப் தாராளமாகக் குடிக்கலாம். கறி வேண்டுமென்றால் தனியாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கறியைக் கொஞ்சமாகச் சாப்பிடலாம். ஆம், உங்கள் மாமியார் வீணாகப் போகிறதே என்று பதறுவார். பீர் குடிக்கிற பழக்கம் உண்டா என்பது பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதையும் கேட்டு வையுங்கள்.

வருடத்தில் இரண்டு முறை வந்துவிட்டது என்றால் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தொடங்கலாமா என்ற பேச்சு வரும். அலோப்யூரினால் என்று மருத்துவர் எழுதினால், முதல் மாத்திரை போடும் முன் ஒரு மரபணுப் பரிசோதனை பற்றி உங்கள் கணவர் கேட்க வேண்டும். எச்.எல்.ஏ-பி*58:01 என்று அதற்குப் பெயர். ஹான் சீனர்களிடம் இந்த மரபணு ஓரளவு பரவலாக இருக்கிறது. இருப்பவர்களுக்கு அந்த மாத்திரை தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையைக் கொண்டுவரலாம். இல்லாதவர்களுக்கு நல்ல மாத்திரைதான். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, வாழ்நாளில் ஒரு முறை.

மகனும் நீங்களும்

கறியில் இருக்கும் புரதத்தின் பெரும்பகுதி கறியிலேயேதான் இருக்கிறது. எவ்வளவு கொதித்தாலும் சூப்புக்கு வருவது கொஞ்சம் ஜெலட்டின், கொஞ்சம் அமினோ அமிலம், சுவை, உப்பு, கொழுப்பு. ஜெலட்டினும் முழுமையான புரதம் இல்லை, ட்ரிப்டோஃபான் என்கிற அவசியமான ஒன்று அதில் கிடையாது. கான்டனீஸில் சூப் வடித்தபின் மிஞ்சும் கறியை 'தோங் ஜா' என்பார்கள், சூப்பின் சக்கை என்று அர்த்தம். பல வீடுகளில் அதைக் குப்பையில் போடுகிறார்கள். உங்கள் பையனுக்கு வேண்டிய புரதம் அந்தக் குப்பையில்தான் இருக்கிறது. மீன் சூப் பால் மாதிரி வெள்ளையாக வருகிறது, கால்சியம் இறங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வெள்ளை, கொதியில் உடைந்து தண்ணீரில் கலந்த கொழுப்பு.

ஐந்து வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு இருபது கிராம் அளவு புரதம் போதும், மலைக்க வேண்டியதில்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம் வந்துவிடும். ஒரு டம்ளர் பால், கொஞ்சம் டோஃபு, சூப்பில் வெந்த கறியை நாராகப் பிய்த்து அதே சோற்றில் பிசைந்து கொடுத்தால் கணக்கு முடிந்தது. சூப்பை அவன் சாப்பாட்டுக்கு முன் வயிறு நிறையக் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலையுதிர் கால சூப்பில் போடுகிற ஆப்ரிகாட் பருப்பு இரண்டு வகை. தெற்குப் பருப்பு இனிப்பு, வடக்குப் பருப்பு கசப்பு. கசப்புப் பருப்பில் சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கிறது. நன்றாக ஊறவைத்து, நிறையத் தண்ணீரில், மூடியைத் திறந்து வைத்துக் கொதிக்க விட்டால் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். பெரியவர்களுக்கு அப்படிக் கொதித்ததில், கொஞ்சமாகப் போட்டால், பயமில்லை. பையன் பச்சையாக எடுத்து மென்றுவிடாதபடி டப்பாவை மேல்தட்டில் வையுங்கள். அவனுக்குச் செய்யும்போது இனிப்புப் பருப்பு மட்டும் போதுமே.

இனி உங்கள் 9.4. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். சிவப்புப் பேரீச்சை சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது நம் பீட்ரூட் நம்பிக்கையின் சீன அக்கா. அதில் இரும்பு மிகச் சொற்பம். 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரை ஒன்றில் 65 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சூப்பால் அந்த இடத்தை நிரப்ப முடியாது. மாத்திரை மலச்சிக்கல் தந்தால் அதை விட்டுவிடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா, வேறு வகைக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் உடம்பு இரும்பை நன்றாகவே ஏற்கிறது. மாத்திரையோடு டீ வேண்டாம், ஒரு ஆரஞ்சு இருக்கட்டும். அதைவிட முக்கியம், ரத்தம் எங்கே போகிறது என்று பார்ப்பது. மாதவிலக்கு அதிகமா என்பதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதிகம் என்றால் அந்த நாட்களில் டோங் குவாய் வேண்டவே வேண்டாம். சீன வைத்தியர்களே அப்போது தவிர்க்கச் சொல்வது வழக்கம்.

சென்னையில் இருக்கும் தங்கைக்கு மூலிகைப் பொட்டலம் அனுப்பலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஹாங்காங்கின் வசந்த ஈரத்துக்கும் இலையுதிர் வறட்சிக்கும் யோசித்து வைத்த சூப்பைக் கத்திரி வெயிலில் குடிக்க அந்தக் கணக்குப்படியே நியாயமில்லை. இணையத்தில் வாங்கினால் இன்னொரு ஆபத்து, பெயர் மாற்றம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த சீன மூலிகையில் ஃபாங் ஜி என்ற வேருக்குப் பதிலாகப் பெயரில் நெருங்கிய இன்னொரு வேர் கலந்துவிட்டது. சாப்பிட்ட பெண்களில் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு எழுத்து வித்தியாசம். தாமரை விதையும் சிவப்புப் பேரீச்சையும் அனுப்புங்கள், பாயசத்தில் போட்டுக்கொள்ளட்டும்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது

"உங்கள் சூப் எங்கள் அப்பாவுக்கு விஷம்" என்று சொல்லிவிடாதீர்கள். மொழியே பாதி தெரியாத சம்பந்திக்கு அவர் தன் மரியாதையைக் காட்ட வைத்திருக்கும் ஒரே வழி அந்தச் சட்டி. அதோடு, உங்களுக்குத் தேவையான வாதம் அவருடைய மரபிலேயே இருக்கிறது. ஒரே சூப் எல்லா உடம்புக்கும் ஆகாது என்பது சீன மருத்துவத்தின் அரிச்சுவடி. மிகவும் தளர்ந்த உடம்பு ஊட்டத்தைத் தாங்காது என்று அவர்களிடமே ஒரு சொல் உண்டு, அவருக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள். உங்கள் கணவர் மூலமாகச் சொல்வதைவிட, மாமியாரையே பதிவுபெற்ற சீன வைத்தியர் ஒருவரிடம் அழைத்துப் போவது நல்லது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அங்கே சீன வைத்தியர்களுக்குப் பதிவு உண்டு. இளம் வைத்தியர்கள் பல்கலைக்கழகத்தில் படித்து வருகிறவர்கள். வார்ஃபரின் பெட்டியைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். கோட் போட்ட நான் சொல்வதைவிட, நாடி பிடித்துப் பார்க்கிற ஒருவர் "டோங் குவாய் கூடாது" என்று சொன்னால் அவர் மனசு அடிபடாது.

சமையலறையிலும் ஒரு வழி இருக்கிறது. பெரிய சட்டிக்குப் பதிலாக மூடி போட்ட சின்னப் பீங்கான் ஜாடியில் ஆளுக்கொன்றாக வைத்து, வெந்நீரில் நிறுத்திச் செய்யும் 'டான்' முறை அவருக்குக் கைவந்த கலையாக இருக்கும். அப்பாவுக்கு ஒரு ஜாடி, கணவருக்கு ஒன்று. அலமாரியில் இருக்கும் பொட்டலங்களை ஒருநாள் இருவரும் உட்கார்ந்து இரண்டு பெட்டியாகப் பிரியுங்கள். தாமரை விதை, யீமாய், சீன வள்ளிக்கிழங்கு, லில்லிக் கிழங்கு, வெண்காளான் எல்லாம் சாப்பாட்டுப் பெட்டி. டோங் குவாய், டான் ஸாம், தின் ச்சாட், ஜின்செங் வகைகள் மருந்துப் பெட்டி. கோஜி பெர்ரி உங்கள் எல்லோருக்கும் சாப்பாடு, அப்பாவுக்கு மட்டும் மருந்து. அதிமதுரத் துண்டு இருந்தால் அதுவும் மருந்துப் பெட்டிக்கு. நிறையப் போட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பெயர் எழுதாத பொட்டலம் எந்தப் பெட்டிக்கும் வேண்டாம், குப்பைக்கு.

டிசம்பர் 21, 22 வாக்கில் குளிர்காலத் திருநாள் வரும். புத்தாண்டைவிடப் பெரிது என்று சொல்லிக் குடும்பமே கூடிச் சாப்பிடும் நாள். அன்றைக்கு ஆட்டுக்கறி சூப்பை எப்படி மறுப்பது என்றுதான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். ஆனால் அதே கடிதத்தின் நாலாம் பக்கத்தில், மார்கழி பிறந்தால் அப்பா கவுச்சி தொடமாட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திருநாள் மார்கழியில்தான் வருகிறது! சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுகிற வழக்கம் அங்கே பெரியவர்களிடம் இருப்பதால், விரதம் என்று சொன்னால் மாமியாருக்கு விளக்க வேண்டியதே இல்லை. தாமரைக் கிழங்கு, வேர்க்கடலை, கேரட், ஊறவைத்த காளான், இரண்டு துண்டு இஞ்சி, பெயருக்கு இரண்டு சிவப்புப் பேரீச்சை. அதை அவர் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் கொதிக்க வைக்கட்டும். உப்பை மட்டும் இறக்கும்போது நீங்கள் போடுங்கள், பாதியளவு.